பருவத்துக்கு ஒரு கைவேலை: சின்னப் பிள்ளைகளை வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2 வயதிலிருந்து 6 வயது வரை உள்ள பிள்ளைகளோடு மழை, வெயில், குளிர், காற்று, லீவு, பண்டிகை என்று அந்தந்தக் காலத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்காக இது. எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: வேலையைப் பிள்ளையின் கை செய்யட்டும், நம் கை முன்னால் எடுத்து வைப்பதோடும் பின்னால் துடைப்பதோடும் நிற்கட்டும்.

எத்தனை வயதில் தொடங்கலாம்? எதை எப்போது கொடுக்கலாம்?

ஒன்றரை வயதிலேயே தொடங்கலாம், கிறுக்கலில். தடிமனான கிரேயானை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்துத் தோளிலிருந்து கையை வீசித்தான் கிறுக்குவார்கள், அதனால் நோட்டுத் தாள் பற்றாது, பெரிய தாளாகத் தரையில் விரித்து நாலு மூலையிலும் டேப் ஒட்டிவிடுங்கள். 2 வயதில் கிழிப்பது, கசக்குவது, பசை தடவி ஒட்டுவது. கிழிப்பதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு கையும் எதிரெதிராக இழுக்க வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இறுக்க வேண்டும், பின்னால் கத்தரிக்கோல் பிடிக்கிற பலம் இங்கேதான் சேர்கிறது. ஒரு செய்தித்தாளைக் கொடுத்துப் பாருங்கள்: மேலிருந்து கீழாக இழுத்தால் நேராகப் பட்டை பட்டையாக வரும், குறுக்கே இழுத்தால் கோணல்மாணலாகப் போகும். தாள் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுவதுதான் காரணம். இதைக் கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும், பழைய பேப்பர் முழுவதும் தீர்ந்துபோகும்.

3 வயதுவாக்கில் முனை மழுங்கிய கத்தரிக்கோல். முதலில் கோடு, படம் எதுவும் வேண்டாம், ஒரே கடியில் துண்டாகிற மாதிரி ஒரு விரல் அகலப் பட்டைகள் போதும். 4 வயதில் தடித்த கோட்டின் மேல் வெட்டுவார்கள். வட்டமும் வளைவும் 5 வயதையொட்டி வரும். இதில் ஒரு வருடம் முன்னே பின்னே இருப்பது சகஜம், அக்கம்பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டியதே இல்லை.

என் பெண் இடது கையால்தான் எல்லாம் செய்கிறாள். கத்தரிக்கோல் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

கோளாறு கத்தரிக்கோலில் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை. வலது கைக்காரர்களுக்கான கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு வெட்டுகிற இடத்தை மறைத்துவிடும், அதோடு விரல்கள் தானாகக் கொடுக்கிற அழுத்தம் இரண்டு அலகையும் சேர்ப்பதற்குப் பதிலாகப் பிரித்துவிடும், தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். அலகுகள் மாறிப் பொருத்தப்பட்ட இடது கைக் கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள். எந்தக் கை என்பது சில பிள்ளைகளுக்கு 5, 6 வயது வரைகூட முடிவாகாது. அதுவரை பொருளை நடுவில் வைத்துவிட்டு எந்தக் கை நீள்கிறது என்று பார்த்தால் போதும், கையை மாற்றச் சொல்ல வேண்டாம்.

அரை மணி நேரம் எல்லாம் எடுத்து வைக்கிறேன், அஞ்சு நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடுகிறான்.

3 வயதில் அஞ்சு பத்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிய விஷயம். ஓடினால் ஓடட்டும், மேசையை உடனே சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டுவையுங்கள், பாதிப் பேர் திரும்பி வருவார்கள். அரை மணி நேரத் தயாரிப்பைத்தான் குறைக்க வேண்டும். நிறையப் படிகள் உள்ள வேலையை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல், இன்று பூசுவது, நாளை வெட்டுவது, மறுநாள் ஒட்டுவது என்று பிரித்துவிடுங்கள், பெயின்ட் காய்வதற்கும் நேரம் கிடைக்கும்.

அவள் செய்வது கோணலாக இருக்கிறது. நான் கொஞ்சம் சரி செய்து கொடுக்கலாமா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்கு இவ்வளவு திட்டமான பதில் இருக்கிறது.

ஒரு முகம் ஒட்டுகிறாள் என்று வையுங்கள். இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் ஒட்டிவிட்டாள், வாய் நெற்றியில் இருக்கிறது. நீங்கள் கையை நீட்டி ஒரு கண்ணை மட்டும் எடுத்து “சரியான” இடத்தில் வைக்கிறீர்கள், அவ்வளவுதான் செய்தது. ஆனால் அடுத்த முறை பசையைக் கையில் எடுத்ததும் ஒட்டுவதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்ப்பாள், அதற்கடுத்த முறை “நீயே ஒட்டும்மா” என்பாள். கண் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும், உங்கள் கண்ணைக் காட்டச் சொன்னால் காட்டிவிடுவாள். தெரிந்ததைத் தாளில் கொண்டுவர இன்னும் கை பழகவில்லை, பழகிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நாம் போய்க் குறுக்கே நிற்கக் கூடாது.

உதவவே கூடாதா என்றால், உதவலாம், கேட்டால் மட்டும், கேட்ட இடத்தில் மட்டும். அட்டை தடிமனாக இருக்கிறது என்றால் நீங்கள் வெட்டிக் கொடுங்கள், டேப்பின் நுனி கிடைக்கவில்லை என்றால் தேடிக் கொடுங்கள். வரைந்து காட்டச் சொல்லிக் கேட்டால் அவள் தாளில் கை வைக்காமல் வேறு தாளில் வரையுங்கள். “சூப்பர், அழகு” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட “இங்கே பச்சை மேல் மஞ்சள் பூசியிருக்கிறாய், நடுவில் வேறு ஒரு நிறம் வந்திருக்கிறதே” என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் பேச்சு வளரும். “இது என்ன?” என்றும் கேட்காதீர்கள், பல நேரம் அது எதுவும் இல்லை, “இதைப் பற்றிச் சொல்லேன்” என்றால் ஒரு கதையே வரும்.

உங்களுக்கே அழகாக ஒன்று செய்ய ஆசையா? தாராளமாகச் செய்யுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் தாளில்.

வீட்டில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

வாங்குவது குறைவு, சேர்ப்பதுதான் அதிகம். கிரேயான், தண்ணீரில் கரையும் பெயின்ட், வெள்ளைப் பசை, மழுங்கிய கத்தரிக்கோல், டேப், கொஞ்சம் வண்ணத்தாள் ஆகியவைதான் வாங்க வேண்டியவை. மற்றதெல்லாம் பார்சல் வந்த அட்டைப்பெட்டி, டிஷ்யூ உருளை, பாட்டில் மூடி, பழைய துணி, நூல், முட்டை அட்டை. ரெடிமேட் கிட் பெட்டிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. எண் போட்ட துண்டுகளை எண்படி ஒட்டினால் அட்டையில் உள்ள படம் வரும், பிள்ளை யோசிக்க அதில் எதுவும் மிச்சமில்லை.

ஒரு சின்ன உபாயம்: பெயின்ட்டில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் கலந்துவிட்டால் கையிலிருந்தும் துணியிலிருந்தும் சீக்கிரம் போகும்.

மழைக்காலம், வெளியே விட முடியவில்லை. என்ன செய்வது?

மழையையே வேலையாக்கிவிடலாம். வெள்ளை கிரேயானால் தாளில் அழுத்தி ஏதாவது வரையச் சொல்லுங்கள், ஒன்றும் தெரியாது. மேலே நீர்த்த நீல பெயின்ட்டைப் பூசினால் மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது, வரைந்தது வெள்ளையாக வெளியே வரும். இன்னொன்று, தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் திட்டுத்திட்டாகத் தீட்டிய தாளைத் தூறலில் ஒரு நிமிடம் நீட்டிவிட்டு உள்ளே இழுப்பது. துளி விழுந்த இடமெல்லாம் நிறம் பரவி மழையே வரைந்த மாதிரி இருக்கும்.

5 வயதுக்காரர்களுக்கு மழைமானி. அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக இருக்கும் பாத்திரம் எதுவானாலும் சரி, மறைப்பில்லாத இடத்தில் வைத்து, மழை நின்றதும் ஸ்கேலை விட்டுத் தண்ணீரின் ஆழத்தை அளங்கள். 12 மில்லிமீட்டர் நின்றால் பெய்த மழையும் 12 மில்லிமீட்டர், பாத்திரத்தின் வாய் எவ்வளவு பெரியது என்பது கணக்கிலேயே வராது. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். தினமும் அளந்து அந்த உயரத்துக்கு ஒரு நீலப் பட்டையை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டினால், எண் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் எந்த நாள் பெருமழை என்று புரிந்துவிடும்.

காகிதக் கப்பலைச் சொல்லவே வேண்டாம். ஓடும் தண்ணீரில் மட்டும் விடாதீர்கள், தெருவோரத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இடிச் சத்தம் காதில் விழுந்தால் உள்ளே வந்துவிடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. உள்ளே உட்கார்ந்தபடி மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணலாம், மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பயப்படுகிற பிள்ளைக்கு இப்படி எண்ணுவது நல்ல பிடிமானம்.

வெயில் காலத்துக்கு?

காலை, மாலை மட்டும். உச்சி வெயிலில் எந்த விளையாட்டும் வேண்டாம்.

நிழல் வரைவது எனக்குப் பிடித்தது. காலையில் வாசலில் பிள்ளையை நிறுத்தி நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள், பாதம் இருந்த இடத்தையும் குறியுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் நிற்கச் சொன்னால் நிழல் கோட்டுக்குள் அடங்காது, நகர்ந்திருக்கும், குட்டையாகவும் ஆகியிருக்கும். “என் நிழல் எங்கே போச்சு?” என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், மாலையில் இன்னொரு முறை வரைந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

மலிவான அடர் வண்ணத்தாளின் மேல் இலை, சாவி, வளையல் எதையாவது வைத்து வெயிலில் காயவிட்டால் சுற்றி நிறம் வெளுத்து, மறைந்த இடம் மட்டும் பழைய நிறத்தோடு நிற்கும். சில தாள் ஒரே நாளில் வெளுக்கும், சிலது நாலைந்து நாள் எடுக்கும். தண்ணீரையும் பிரஷ்ஷையும் கொடுத்துச் சுவரில் “பெயின்ட்” அடிக்கச் சொல்வது 2 வயதுக்கு அருமையான வேலை, காய்ந்து மறைந்துவிடும், மறுபடி அடிக்கலாம்.

பொம்மைகளைத் தண்ணீரில் போட்டு உறையவைத்து ஐஸ் கட்டியிலிருந்து மீட்கிற விளையாட்டும் நன்றாக ஓடும். உப்பு தூவினால் சீக்கிரம் உருகும், ஆனால் உப்பும் ஐஸும் சேர்ந்த கலவை ஐஸைவிடக் கடுங்குளிராகிவிடும், தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாக்கும். உப்பு போடுவதானால் கையில் எடுக்கவிடாமல் கரண்டியால் தூவச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி வைத்தால் கண்ணை எடுக்காதீர்கள், 5 சென்டிமீட்டர் தண்ணீரிலேயே சின்னப் பிள்ளை மூழ்கிவிட முடியும். விளையாட்டு முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள்.

இலையை வைத்து என்ன செய்யலாம்? இலை ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டால் எப்படிச் சொல்வது?

சின்னவர்களுக்கு இலையின் மேல் தாளை வைத்துத் தேய்க்கிற வேலை. இலையைக் கவிழ்த்து, நரம்பு புடைத்த பக்கம் மேலே வரும்படி வைக்க வேண்டும், கிரேயானின் உறையை உரித்துப் படுக்கைவாட்டில் தேய்க்க வேண்டும். நுனியால் தேய்த்தால் தாள் கிழியும், நரம்பும் விழாது. இலை நகராமல் இருக்க அடியில் ஒரு துளி டேப். அப்புறம், காய்ந்து நொறுங்காத இலையாக எடுத்துப் பழைய பேப்பருக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகங்களை அடுக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் தட்டையாகக் காய்ந்துவிடும். ஈரமான இலை என்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறை பேப்பரை மாற்றுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

நிறத்துக்கு வருவோம். பச்சைக்குக் காரணமான பச்சையத்தை மரம் புதிதாகச் செய்வதை நிறுத்திவிடும், இருந்ததும் சிதைந்துவிடும், அடியில் முன்பே ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு அப்படி இல்லை, பல மரங்கள் அதை அந்தக் கடைசி நாட்களில் புதிதாக உண்டாக்குகின்றன. 4 வயதுப் பிள்ளைக்கு “பச்சை போயிடுச்சு, மஞ்சள் உள்ளேயே இருந்தது” என்பது போதும். நிறம் மாறாத மரங்களே சுற்றி இருந்தால் ஒரே மரத்தின் தளிர், முற்றிய இலை, உதிர்ந்த இலை மூன்றையும் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள்.

பறிக்கும் முன் செடி எது என்று பாருங்கள். அரளி, ஊமத்தை இரண்டும் நஞ்சு, தொடவே விட வேண்டாம்.

குளிர்காலத்தில்?

தாளில் பனித்துகள் வெட்டலாம், பனியே பார்க்காத பிள்ளைக்கும் பிடிக்கும். பனித்துகளுக்கு ஆறு கை, பனியாக உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கோத்துக்கொள்வதால். எனவே வட்டத்தாளைப் பாதியாக மடித்து, அந்த அரை வட்டத்தை மூன்றாக மடியுங்கள். மடிப்பது உங்கள் வேலை, ஓரத்தில் வெட்டுவது பிள்ளையின் வேலை, பிரிப்பதும் கண்டிப்பாகப் பிள்ளையின் வேலைதான், அந்த ஆச்சரியத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறு மடிப்பை வெட்டப் பிஞ்சு விரலுக்குப் பலம் வேண்டும், மெல்லிய தாளாக எடுங்கள்.

காற்று பலமாக அடிக்கிறது. காற்றாடி செய்ய எளிய வழி?

15 சென்டிமீட்டர் சதுரத் தாள். இரண்டு பக்கமும் பிள்ளை வண்ணம் பூசட்டும், சுற்றும்போது இரண்டும் தெரியும். நாலு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டுங்கள், நடுவில் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். இப்போது ஒவ்வொரு மூலையும் இரண்டு நுனியாகப் பிரிந்திருக்கும், ஒன்றுவிட்டு ஒன்றாக நடுவுக்கு வளைத்துப் பிடித்துக் குண்டூசியைச் செருகி, பென்சிலின் பின்னால் உள்ள ரப்பரில் குத்துங்கள். ஊசி வேலை பெரியவர்களுடையது. சுற்றவில்லை என்றால் ஊசித் துளை இறுக்கமாக இருக்கும், ஊசியைச் சுழற்றிக் கொஞ்சம் அகலமாக்குங்கள், தாளுக்கும் ரப்பருக்கும் இடையில் சிறிது இடமும் விடுங்கள்.

பட்டம் விடுவதானால் சாதாரண நூல் மட்டும், மின்கம்பி இல்லாத திறந்தவெளியில். கம்பியில் சிக்கினால் பட்டம் போனது போனதுதான், எடுக்கப் போகக் கூடாது.

பண்டிகை வருகிறது. அலங்காரத்தில் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது?

அலங்காரம் மொத்தத்தையும் நீங்கள் முடித்துவிட்டு ஓரமாக ஒரு வேலை கொடுத்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு கதவு அல்லது ஒரு ஜன்னலை முழுசாக அவர்கள் பொறுப்பில் விடுங்கள், அங்கே எது எப்படித் தொங்கினாலும் நீங்கள் தொடுவதில்லை என்று முடிவு.

“இன்னும் எத்தனை நாள்?” என்று நச்சரிக்கிற வயதுக்குக் காகிதச் சங்கிலி. பட்டைகளை வளையமாக ஒட்டிக் கோத்து, எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை வளையம், தினமும் ஒன்றைக் கிழித்துவிட வேண்டும். 3 வயதுக்குப் “பத்து நாள்” என்றால் ஒன்றும் புரியாது, சங்கிலி குட்டையாவது புரியும்.

மாவு பொம்மைக்கு இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். கையில் ஒட்டினால் மாவு, வெடித்தால் தண்ணீர். அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம், தொங்கவிடும் துளையை ஈரமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். அடுப்பறையில் ஓவன் இருந்தால் 100 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம், இல்லாவிட்டால் தட்டில் பரப்பித் திருப்பித் திருப்பிப் போட்டு நாலைந்து நாள் காற்றில் உலரவிடலாம். முழுக்கக் காய்ந்த பிறகுதான் வண்ணம். பச்சை மாவில் கிருமி இருக்கலாம், உப்பும் மிக அதிகம், வாயில் வைக்கவிடாதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், இந்த அளவு உப்பு அதற்கு ஆபத்து.

எதையெல்லாம் கொடுக்கவே கூடாது?

3 வயதுக்குக் கீழே இருந்தால் டிஷ்யூ உருளைக்குள் நுழைகிற எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பாசிமணி, பொத்தான், ஒட்டும் கண்கள், கொட்டைகள். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் 8 வயது வரை ஆபத்து.

விளக்கு எரிகிற வாழ்த்து அட்டை, மினுங்கும் அலங்காரப் பொருள் இவற்றில் பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடும், சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குட்டிக் காந்தங்களும் அப்படித்தான், இரண்டு போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுக்கும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் உருண்டைகள் பார்க்க அழகு, வயிற்றுக்குள்ளும் பெருத்துக் குடலை அடைத்துவிடும், என் வாக்கு, வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். சூட்டுப் பசைத் துப்பாக்கி, போராக்ஸ் கலந்த ஸ்லைம் இரண்டும் வேண்டாம். ஜிகினாத்தூள் கண்ணில் விழும், எங்கும் ஒட்டும், பெரும்பாலும் பிளாஸ்டிக் துகள்தான், தண்ணீரோடு போய்ச் சேரும். அதற்குப் பதில் வண்ணத்தாளைப் பொடியாகக் கிழித்துத் தூவுங்கள்.

பசை, பெயின்ட் கையில் பட்டாலே என் மகன் அழுகிறான்.

கட்டாயப்படுத்தாதீர்கள். ஈரத் துணியை அவன் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள், வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போகும். பிரஷ், பஞ்சு, குச்சி கொடுங்கள். பெயின்ட்டை ஜிப் பையில் ஊற்றி மூடி டேப் ஒட்டிக் கொடுத்தால் மேலிருந்து விரலால் அழுத்தி வரையலாம், கையில் ஒன்றும் படாது. சாப்பாடு, துணி, மணல் என்று எல்லாவற்றிலும் இந்தச் சிரமம் இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒன்றுக்கு 2 வயது, இன்னொன்றுக்கு 6. சேர்த்து உட்காரவைத்தால் சண்டை.

ஒரே பொருள், வேறு வேறு வேலை. சின்னது தாளைக் கிழிக்கட்டும், பெரியது அந்தத் துண்டுகளை ஒட்டிப் படமாக்கட்டும். பெரியவனின் கவனமான வேலை மட்டும் உயரமான மேசையில் நடக்கட்டும். “தம்பிதானே, விட்டுக்கொடு” என்று சொல்லி அவன் மணிக்கணக்கில் செய்ததைக் கலைக்கவிடாதீர்கள், அவனுடைய உழைப்புக்கும் மரியாதை உண்டு.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். நேரமே இல்லை.

கைவேலைக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டாம். பழைய ஷூ பெட்டியில் கிரேயான், தாள், டேப், கத்தரிக்கோல் போட்டு, நீங்கள் சமைக்கும்போது கண்ணில் படுகிற இடத்தில் அவளை உட்காரவையுங்கள். நடந்து போகும்போது இலை, கல், குச்சி பொறுக்க ஒரு பை. வாரத்தில் ஒரு நாள் பெயின்ட் எடுத்தால் போதும்.

செய்ததையெல்லாம் எங்கே வைப்பது? வீடே நிறைந்துவிட்டது.

சுவரில் ஒரு கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டுங்கள். கயிறு நிறைந்ததும் புதிதாக மாட்ட எதை இறக்குவது என்று பிள்ளையே சொல்லட்டும். இறக்கியதைப் போட்டோ எடுத்துவிட்டுப் பின்பக்கத்தில் தேதியும், அவள் அதைப் பற்றிச் சொன்னதை அவள் வார்த்தையிலேயேயும் எழுதி ஒரு ஃபைலில் போடுங்கள். அட்டைப்பெட்டிக் கோட்டை மாதிரிப் பெரியவற்றைக் கொஞ்ச நாள் விளையாடவிட்டு, கேட்டுவிட்டுப் பிரித்தால் அடுத்த வேலைக்கு அட்டை கிடைக்கும். கேட்காமல் குப்பையில் போடாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். மாவு பொம்மைகள் ஈரக்காற்றில் நமுத்து இளகும், அவற்றை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.